லோடன் கட்டிய வீடுகள்

'பங்கு' என்றதும் ஆலயமும் திருப்பலியும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆங்கில நாட்டிலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. சாலையைச் செப்பனிடுவதும் வறியோரைப் பேணுவதும் அங்கே நெடுங்காலம் பங்கின் கடமைகளாய் இருந்தன. ஆங்கிலிக்கன் ஆலயத்தைச் சார்ந்த பங்குக் கூட்டமே ஊராட்சியையும் நடத்திற்று. 1894-ஆம் ஆண்டுச் சட்டமே அப்பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களுக்கு மாற்றியது. பங்குகள் பல சேர்ந்தது ஒரு கிராமப்புற மாவட்டம். அதற்கென ஒரு மன்றம். மணமான பெண்களும் இம்மன்றங்களில் அமரலாம் என அச்சட்டம் வகுத்தமை அக்காலத்தில் புதுமையே.

நார்போக் பகுதியின் தென்கிழக்கே அமைந்த லோடன் இத்தகைய மாவட்டங்களுள் ஒன்று. அதன் எல்லை புதிதாக வரையப்பட்டதன்று. ஏழையர் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட பழைய எல்லையே அது. அவ்வெல்லைக்குள் ஹெக்கிங்காம் என்னுமிடத்தில் ஏழையர் விடுதி ஒன்று நின்றது. பிழைக்க வழியின்றி உள்ளே சென்ற குடும்பம் அங்கே குடும்பமாய் வாழ இயலாது. கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், பிள்ளைகள் ஒருபுறம். 1836-இல் யாரோ வைத்த தீயில் அக்கட்டிடத்தின் ஒரு பகுதி எரிந்து போயிற்று. மக்கள் அதனை எவ்வளவு வெறுத்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வெளியே இருந்த உழவுக் கூலியின் நிலையும் உறுதியற்றதே. பலர் குடியிருந்த வீடு பண்ணையாருக்குச் சொந்தம். வேலை போயிற்றா, வீடும் போயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லோடன் மன்றம் செய்த பணியே நாம் சொல்ல வந்தது. ஹெர்பர்ட் டெய்லர், டேவிட் கிரீன் என்னும் இரு கட்டிடக் கலைஞரை அழைத்து, கூலி உழவர்க்கும் முதியோர்க்கும் வீடுகள் எழுப்பச் செய்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஊர் ஊராக எழுந்தவை சுமார் 700 வீடுகள். 'ஏழைக்குத்தானே' என்று ஏனோதானோவெனக் கட்டவில்லை! தனித்தனி இரட்டை வீடுகளுக்குப் பதில், பசும்புல் வெளியைச் சூழ நீண்ட வரிசைகளாய் அமைத்தனர். அழுக்குக் காலணியும் தோட்டக் கருவியும் கூடத்தின் வழியே போக வேண்டாதபடி, கொல்லைக்குத் தனி வழி விட்டனர். முதியோர்க்குப் படியேறத் தேவையற்ற ஒற்றைத் தள வீடுகள். செங்கல்லில் பல நிறம், சுவரில் அழகிய வேலைப்பாடு. டிச்சிங்காமில் 1947-இல் தொடங்கிய 'விண்ட்மில் கிரீன்' குடியிருப்பைக் கட்டிடக் கலை அறிந்தோர் இன்றும் போற்றுகின்றனர்.

பெரிய நகராட்சிகள் செய்யத் தவறியதைச் சில ஆயிரம் குடிகளே கொண்ட இச்சிறு மன்றம் செய்ததெப்படி? ஒரே கலைஞரை ஆண்டுக்கணக்கில் நம்பிப் பணி கொடுத்ததே காரணம் என்பது நம் கருத்து.

1974 ஏப்ரல் 1-ஆம் நாள், நாடெங்கும் இருந்த கிராமப்புற மாவட்டங்கள் யாவும் கலைக்கப்பட்டன. லோடன், அண்டை மாவட்டங்களோடு இணைந்து தென் நார்போக் ஆயிற்று. 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போர்க்கே வீடுகளை வாங்கும் உரிமை தந்தது. அவ்வாறு விலைபோனவை பல. ஆயினும் விண்ட்மில் கிரீன் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. வேறு சில வரிசைகளின் கோடிச் சுவர்களில், கட்டிய ஆண்டு செங்கல் எண்களாய் இன்றும் புடைத்து நிற்கிறது.