கலைமான் செல்லும் பாதை



மான் என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுவது துள்ளி ஓடும் ஓர் அழகிய பிராணி. அது எங்கே போகிறது, ஏன் அந்தப் பக்கமாகப் போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. கால் போன போக்கில் போவதாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் வளர்ந்த ஓர் ஆண் மான் தெரிவுசெய்யும் பாதைக்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்தவனே நல்ல வேட்டைக்காரன். அறியாதவன் காடெல்லாம் அலைந்து வெறுங்கையோடு வீடு திரும்புவான். அதைவிட மோசம், அவசரத்தில் சுட்டு, மானைக் காயப்படுத்திவிட்டுத் திரும்புவான்.

தமிழில் ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொல்வார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை. ஆபத்தை உணர்ந்தால் வாலை உயர்த்தி அதன் வெள்ளை அடிப்பாகத்தைக் காட்டியபடி ஓடுவதால் அதற்கு இந்தப் பெயர். வியாபாரத்துக்காகக் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதால் 1900ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் இவை சுமார் 5 இலட்சம் என்ற அளவுக்குக் குறைந்துபோயின. பின்னர் சட்டங்கள் வந்தன. துப்பாக்கிகள் மீதும் ரவைகள் மீதும் அறவிடப்படும் வரிப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கும் சட்டம் 1937இல் நிறைவேறியது. இன்று அங்கே சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள் உள்ளன. இலையுதிர் காலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்று இலட்சக்கணக்கானோர் வேட்டைக்குச் செல்கிறார்கள். கிராமப்புறங்களில் பல குடும்பங்களின் குளிர்காலத்து உணவு அந்த இறைச்சிதான்.

மூக்கே காவல்

மானின் முதற் காவல் அதன் மூக்கு. கண் ஏமாறலாம், காது ஏமாறலாம், மூக்கு ஏமாறுவது அரிது. ஆகவே கலைமான் பாதையைத் தீர்மானிக்கும்போது காற்றைக் கணக்கில் எடுக்கிறது.

மான் எப்போதும் காற்றை எதிர்த்தே நடக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் மேல்காற்று வீசும் காலத்தில் மான்களெல்லாம் மேற்குத் திசையிலே போய்க் குவிந்துவிட வேண்டுமே! கலைமான் காற்றைக் குறுக்காகவும் பின்னாலும் வாங்கி நடக்கும். தான் போகவிருக்கும் இடத்தின் வாடை தனக்குக் கிடைக்க வேண்டும், தன்னை யாரும் காணக்கூடாது. இவ்விரண்டும் கூடிவரும் வழியையே அது விரும்புகிறது.

பகலில் படுத்து ஓய்வெடுக்கும் இடத்திலும் இதே கணக்குத்தான். மலைப்பாங்கான பிரதேசங்களில் கலைமான் பெரும்பாலும் உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று மறைந்த சரிவில் படுத்துக்கொள்ளும். முதுகுப் பக்கமிருந்து வருவோரின் வாடையை உச்சியைத் தாண்டி வரும் காற்று கொண்டுவந்து கொடுக்கும். முன்பக்கப் பள்ளத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். வெயில் ஏறினால் சூடான காற்று கீழிருந்து மேலெழும். அப்போது பள்ளத்தின் வாடையும் மேலே வந்துவிடும். மாலையில் காற்று குளிர்ந்து கீழிறங்கும். குளிர்ந்த மாலை நேரத்தில் அடுப்புப் புகை மேலே எழாமல் பள்ளத்தில் படிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாடையும் அந்த வழியாகவே இறங்குகிறது.

நிலம் காட்டும் வழி

காற்றுக்கு அடுத்தது நிலத்தின் அமைப்பு. வீணாகச் சக்தியைச் செலவிட மான் விரும்பாது. இரண்டு குன்றுகளுக்கு இடையே தாழ்ந்திருக்கும் கணவாய், ஓடையின் ஆழமில்லாத துறை, வேலி சாய்ந்த இடம், இரு காடுகளை இணைக்கும் ஒடுங்கிய மரக்கூட்டம் ஆகியவற்றில் மான் தடங்கள் ஒன்றுகூடும். பிணைகளும் குட்டிகளும் தெளிவான தடத்திலேயே நடக்கும். முதிர்ந்த கலை பல வேளைகளில் அத்தடத்துக்குச் சற்று விலகி, புதர் அடர்ந்த பக்கமாகத் தனியே செல்லும். திறந்த வெளியை இருட்டிய பிறகே கடக்கும்.

பருவத்தோடு மாறும் பாதை

கோடைக்காலத்தில் கலைகள் சிறு கூட்டங்களாகச் சேர்ந்து அமைதியாக மேயும். அப்போது அவற்றின் கொம்புகள் மென்தோல் போர்த்தி வளர்ந்துகொண்டிருக்கும். செப்டெம்பரளவில் அந்தத் தோல் உரிந்துவிடும். பிறகு கூட்டம் கலையும். கலைகள் மரங்களில் கொம்பையும் நெற்றியையும் தேய்த்து அடையாளம் வைக்கும். தாழ்ந்த கிளையின் கீழே நிலத்தைக் காலால் பிறாண்டித் தமது வாடையை விட்டுச் செல்லும். ஏனைய மான்களுக்கு அது ஒரு கடிதம் மாதிரி.

வட மாநிலங்களில் நவம்பர் மாதம் இணைசேரும் காலம். அப்போது கலைமான் தீனியை மறந்து பிணையைத் தேடி அலையும். பிணைகள் படுத்திருக்கும் புதருக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் தேடாது. காற்று வெளியேறும் பக்கமாக ஒருமுறை கடந்து சென்றால் போதும், உள்ளே இருப்பவற்றின் நிலையை மூக்கே சொல்லிவிடும்.

தாயும் மகனும்

இளங்கலைகளின் கதை வேறு. பிறந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆனதும் அவற்றில் பெரும்பாலானவை பிறந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுவிடும். வர்ஜீனியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது. தாயை இழந்த ஆண் குட்டிகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டன. தாயோடு வளர்ந்தவையே அதிகமாக வெளியேறின. மகன் வளர்ந்ததும் தாயே அவனை விரட்டுகிறாள். நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகாமல் இது காக்கிறது. பென்சில்வேனியாவில் இவ்வாறு புறப்பட்ட கலைகள் நீண்ட மலைத்தொடரின் போக்கிலேயே சென்றதையும், பெரிய வீதிகளும் ஆறுகளும் அவற்றைத் தடுத்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

வேட்டைக்காரர் கற்கும் பாடம்

முதற் பாடம், மானைத் தேடி ஓடாமல் அதன் வழியில் காத்திருப்பது. தன் வாடை மான் வரும் பக்கம் போகாதவாறு அமர வேண்டும். காற்று மாறினால் எழுந்து வந்துவிட வேண்டும். தேய்த்த மரத்தையும் பிறாண்டிய நிலத்தையும் கண்டவுடன் அங்கேயே குந்திவிடுவதும் பயன்தராது. அவ்விடங்களுக்குக் கலைகள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன.

இரண்டாவது, ஒரே இடத்துக்கு அடிக்கடி போகாதிருப்பது. தென் கரோலினாவில் கலைமான்களின் கழுத்தில் செய்மதிக் கருவி பூட்டி அவதானித்தார்கள். வேட்டை மேடைக்கு ஒருவர் வந்துபோன பின்னர் சில நாட்கள் வரை அவை பகலில் அப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன. வேட்டைக்காரன் மானின் தடத்தைப் படிப்பதுபோல் மானும் அவனுடைய தடத்தைப் படிக்கிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. மான் வரும் வழி தெரிந்தவனுக்கு அவசரமில்லை. அருகில் வரும்வரை காத்திருந்து, குறி தெளிவாக இருந்தால் மட்டுமே சுடுவான். ஓடும் மானைத் தூரத்திலிருந்து சுட்டால் அது காயத்தோடு காட்டுக்குள் போய் நாட்கணக்கில் துடிக்கும். வேடிக்கைக்காக ஓர் உயிரைப் போக்குவதை நமது மார்க்கமும் கண்டிக்கிறது. பிக்ஹ் நூல்களில் வேட்டைக்கென்று தனி அத்தியாயமே இருப்பது, அது விளையாட்டான காரியம் இல்லை என்பதால்தான்.

வீதியும் சமையலறையும்

“வேட்டையாடாத எங்களுக்கு இது எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். மானின் பாதை வாகனப் பாதையையும் வெட்டிச் செல்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் வாகனங்கள் மான் போன்ற பெரிய மிருகங்களோடு மோதுவதால் நிகழ்கின்றன. கலைகள் பிணைகளைத் தேடி ஓடும் நவம்பரிலேயே அவை உச்சத்தை அடைகின்றன. மனித உயிர்களும் போகின்றன. மிருகங்கள் கடக்கும் இடத்தை அறிந்து, வேலி போட்டு, வீதிக்குக் கீழே சுரங்க வழியோ மேலே பாலமோ அமைத்த இடங்களில் விபத்துகள் வெகுவாகக் குறைந்துள்ளன.

இன்னொன்று நோய். மான்களின் மூளையைச் சிதைத்து உடலை மெலியச் செய்து கொல்லும் ஒரு நோய் 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதற்கு மருந்தில்லை. சமையல் சூட்டில் அந்தக் கிருமிப்பொருள் அழிவதுமில்லை. நெடுந்தூரம் செல்லும் இளங்கலைகள் அதைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகின்றன. மனிதருக்கு இது தொற்றியதாக உறுதிப்படுத்தப்படவில்லை. எனினும் நோய் பரவிய பிரதேசங்களில் இறைச்சியைப் பரிசோதித்த பின்னரே உண்ணுமாறு சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். ஆக, கலைமான் காட்டில் எடுத்த பாதை கடைசியில் ஒரு தாயின் சமையலறை வரை வந்து நிற்கிறது.

சகோதரிகளே! நமது நாட்டில் புள்ளிமானையும் மரையையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். பார்த்து மகிழத் தடையில்லை. வில்பத்துவுக்கோ யாலவுக்கோ பிள்ளைகளோடு போகும்போது மானைக் கண்டால், அதைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மானின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, அது எந்த வழியாக வந்திருக்கும் என்று கேளுங்கள். பிள்ளைகள் சத்தமின்றி நின்று பார்க்கத் தொடங்குவார்கள்.