சுரண்டிய தார் எங்கே?

படியேறி வீட்டுக்குள் நுழைந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில் படியிறங்கித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. வீடு தாழவில்லை தோழர்களே, தெரு உயர்ந்துவிட்டது! பழைய தார் மீது புதிய தார், அதன் மீது இன்னொரு தார் என அடுக்கியதன் விளைவு இது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? வசதி படைத்தவர் தரையை உயர்த்திக்கொள்வார். உழைத்துக் களைத்தவன் வீட்டில் பாயும் படுக்கையும் மிதக்கும்!

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே திங்களில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு, வரவேற்கிறோம். ஆனால், சுரண்டி எடுத்ததை என்ன செய்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

ஏரிக்கரையில் கொட்டுவதற்கு அது குப்பையா? இல்லை! தார்க்கலவையில் 100-க்கு ஏறத்தாழ 95 பங்கு கருங்கல் ஜல்லியும் தூளும், மிச்சம் தார். ஜல்லி, குன்றுகளை உடைத்து எடுத்தது. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் குடையப்பட்ட குன்றுகள் மீண்டும் முளைக்குமா? தாரோ கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அந்த எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் இந்தியா வெளிநாட்டில் வாங்குகிறது.

வெயிலிலும் காற்றிலும் கிடந்து தார் இறுகிப்போகிறது. கல் பெரும்பாலும் கெடுவதில்லை. சுரண்டியதைச் சலித்து, அதில் எவ்வளவு தார் இருக்கிறதென்று சோதித்து, புதுத் தாரும் இளக்கும் எண்ணெயும் அளவோடு சேர்த்தால் பழைய பிடிப்பு திரும்பும். நேரே தீயில் காட்டினால் கருகும்; நன்கு சூடேற்றிய புது ஜல்லியோடு கலந்தால் அந்தச் சூட்டிலேயே இளகும்.

தரம் கெடும் என்பார் சிலர். அளவின்றிக் கலந்தால் கெடும்தான். அது கலப்பவன் குற்றம், முறையின் குற்றமன்று. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கா இம்முறையை முனைந்து மேற்கொண்டது. இந்தியச் சாலைப் பேராயமும் 2015-இல் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. வழி தெரியாமல் இல்லை. செய்யும் மனம்தான் வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் சாலை போடும்போது விழிப்போடு நில்லுங்கள். சுரண்டினார்களா? எத்தனை லாரி? எங்கே போயிற்று? கணக்குக் கேளுங்கள். அந்தக் கல்லும் தாரும் நம் வரிப்பணம். கேட்கும் உரிமையும் நம்முடையதே!