எஸ்பியர்க்கில் ஆறு மணி நேரம்

கோடை காலத்தில் வடகடலைச் சுற்றிவரும் உல்லாசப் பயணக் கப்பல்களில் சில எஸ்பியர்க் துறைமுகத்துக்கும் வருகின்றன. காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும் இக்கப்பல்களில் இப்போது நம்மவர்களும் வருகிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓய்வூதிய வயதை எட்டிவிட்ட அக்காமார், அண்ணாமார், மாமாமார்களே பெரும்பாலானோர். “ஒருநாள் உங்கள் ஊரில் நிற்கும்” என்று தொலைபேசியில் சொன்னவுடனேயே இங்குள்ள வீட்டில் திட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். முதலில் வீட்டில் சாப்பாடு, பிறகு கோயில், பிறகு ரீபெ, வரும் வழியில் கடற்கரைச் சிலைகள், முடிந்தால் பில்லுண்டில் லெகோலாண்ட். இத்தனைக்கும் இரண்டு நாள் வேண்டும்.

கையிலிருப்பது எவ்வளவு? காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்துக்குப் புறப்படும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் இறங்கி, பேரூந்தில் நகர மையம் வந்துசேர ஒன்பதரை ஆகலாம். புறப்படும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்னதாக எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்பது கப்பல்களின் விதி. அதற்கு முன் நகரத்திலிருந்து துறைக்குப் போகும் நேரத்தையும் கழித்தால், மிஞ்சுவது ஆறு மணி நேரம்தான். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தம்பியின் காரில் போனவருக்காகக் காத்திராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் இங்கிலாந்து நேரத்தையே வைத்திருக்கவும் கூடும். டென்மார்க் நேரம் அதைவிட ஒரு மணி முந்தியது. கைத்தொலைபேசியோ கரைக்கு வந்ததும் தானாக மாறிக்கொள்ளும். எந்த மணிக்கூட்டின்படி ஐந்து மணி என்பதைக் கப்பலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சில மணி நேரத்தில் ஊர் பார்ப்பது புதிய வழக்கமல்ல. ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நிற்கும். பயணிகள் இறங்கி, காலிமுகத்திடலும் கறுவாத்தோட்டமும் பார்த்து, கல்கிசை ஹோட்டலில் சாப்பிட்டு, இலங்கையையே பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எஸ்பியர்க்கின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கு இறங்குவோரில் பலர் பேரூந்தேறி நேரே ரீபெக்குப் போய்விடுகிறார்கள். எஸ்பியர்க் அவர்களுக்கு ஒரு வாசற்படி மட்டுமே. அது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

இந்த ஊர் ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. 1864ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்ற டென்மார்க், தெற்கிலிருந்த சிலேஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தது. அவற்றோடு இங்கிலாந்துக்குச் சரக்கனுப்பப் பயன்பட்ட மேற்குக் கரைத் துறைகளும் போயின. எஞ்சிய யூலாந்தின் மேற்குக் கரையில் பெரிய கப்பல் வந்து கட்டக்கூடிய துறை இல்லை. ஃபனோ தீவின் மறைவில், சில பண்ணை வீடுகள் மட்டும் இருந்த ஒரு கரையில், புதிய துறைமுகம் கட்ட 1868இல் சட்டம் இயற்றினார்கள். 1874இல் புகைவண்டியும் வந்துவிட்டது. மறு ஆண்டே இங்கிலாந்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. யூலாந்து விவசாயியின் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் இவ்வழியாகவே ஆங்கிலேயரின் காலை உணவு மேசைக்குப் போயின. 1899இல் எஸ்பியர்க் நகர உரிமை பெற்றது. நகரச் சதுக்கத்தில் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை ஒன்பதாம் கிறிஸ்தியான் மன்னருடையது. நாட்டின் நிலம் கைவிட்டுப் போனதும், அதற்கு ஈடாக இந்த ஊர் எழுந்ததும் இவருடைய ஆட்சியில்தான். சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் அந்தச் சிலைக்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம்.

பிறகு மீன்பிடி வளர்ந்தது. அதன் பின் வடகடல் எண்ணெயும், இந்த நூற்றாண்டில் காற்றாலைகளும் வந்தன. 2002இல் ஹோர்ன்ஸ் ரெவ்வில் 80 காற்றாலைகளை நட்டார்கள். இன்று கப்பலிலிருந்து இறங்குபவர் முதலில் காண்பது துறையில் கிடத்தியிருக்கும் பிரமாண்டமான காற்றாலை இறக்கைகளையாக இருக்கலாம். இங்கிலாந்துப் பயணிகள் கப்பல் மட்டும் 2014 செப்டெம்பரோடு நின்றுபோனது. ஏறத்தாழ 140 ஆண்டு ஓடிய சேவை அது.

சதுக்கத்திலிருந்து சற்று நடந்தால் 1897இல் கட்டிய நீர்க்கோபுரம். தூரத்திலிருந்து பார்ப்பவர் பழைய கோட்டை என்றே நினைப்பார். அதனருகே, 1997இல் திறந்த இசை மண்டபத்தை வரைந்தவர்கள் யோர்ன் உட்சொனும் மகன் யானும். சிட்னியில் உறவினர் இருப்பவர்களுக்கு அத்தந்தையின் இன்னொரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம் தாராளம். மிச்ச நேரத்துக்கு ஏதேனும் ஒன்றையே தெரிவு செய்ய வேண்டும்.

ரீபெ அரைமணிக் கார்ப் பயணம். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம் என்ற பெருமை அதற்குண்டு. பேராலயமும் பழைய வீதிகளும் அழகானவைதாம். ஆனால் வீதியெல்லாம் கல் பாவியது, பேராலயக் கோபுரத்துக்கோ 248 படிகள். ஃபனோவுக்குத் தோணிப் பயணம் 12 நிமிடமே. காற்றில்லாத நாளில் அதைப்போல இன்பம் வேறில்லை. ஆனாலும் கோடையில் காரோடு போவோர் வரிசையில் நிற்க நேரும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு மூன்றாவது வழியே நல்லது. கடற்கரையில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் நான்கு வெண்ணிற மனிதர்கள். 1995இல் ஸ்வென் வீக் ஹான்சன் செய்த இச்சிலைகள் 9 மீற்றர் உயரமானவை. வீதிக்கு மறுபுறம் மீன்பிடி, கடற்பயண அருங்காட்சியகம். அங்கே கடல்நாய்களைப் பார்க்கலாம், உள்ளே இருக்கை உண்டு, கழிப்பறையும் உண்டு. வயதானவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதன் அருமை தெரியும்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில நாள் கடலில் இருந்தவருக்குத் தரையிறங்கிய பிறகும் நிலம் ஆடுவதுபோல் இருக்கும். மூளை கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிவிட்டதே காரணம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். ஆனால் அந்த நிலையில் கல் பாவிய வீதியில் நடந்தால் விழுவது எளிது, எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தேறுவது கடினம். குமட்டலுக்கு விழுங்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தையும் வாய் உலர்வதையும் தருபவை. புரொஸ்டேட் வீக்கமுள்ள ஆண்களுக்கு அவை சிறுநீரையே தடுத்துவிடவும் கூடும். இவற்றைவிட அதிகம் கவனிக்க வேண்டியது நீரிழிவு. கப்பலில் ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு இறங்கிய அக்காவைக் காற்றில் நடக்கவிட்டு, சமையல் முடியவில்லை என்று இரண்டு மணி வரை காக்க வைத்தால், சீனி இறங்கி மயங்கிவிடுவார். விருந்து எளிமையாயினும் நேரத்துக்கு இருக்கட்டும். மருந்துகளும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.

கோயிலுக்குப் போகாமல் அனுப்ப மனம் வராது என்பதும் உண்மைதான். ஹேர்னிங் சித்தி விநாயகர் கோயிலாயினும், பிராண்டெ அபிராமி அம்மன் கோயிலாயினும், போகவே ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலாகும். ஆகவே கோயில் என்றால் அன்று கோயிலும் சாப்பாடும் மட்டுமே. நடை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு சந்திக்கும் சகோதரர்கள் பேசிக்கொள்ளவும் நேரம் வேண்டும் அல்லவா? காரின் முன் ஆசனமும் பின் ஆசனமுமாக இருந்து வழிகாட்டும் பலகைகளைப் பற்றியே பேசிவிட்டுப் பிரிந்தவர்கள் நம்மிடையே உண்டு. இந்த வயதில் மறுமுறை என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கரையிறங்க ஷெங்கன் விசா வேண்டும். இடையில் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழையும் பயணமானால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். துறைமுக வேலிக்குள் வரவேற்கப் போக முடியாது, பேரூந்து வந்து நிற்கும் இடத்தில் காத்திருப்பதே வழி. கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பொதியைக் கப்பல் வாசலில் வாங்கி வைத்துவிடக் கூடும். முத்திரை பிரிக்காத கடைப் பொதிகளையே பெரும்பாலும் உள்ளே விடுகிறார்கள். எனவே புட்டும் கறியும் கரையிலேயே முடியட்டும்.