43321 என்ன சொல்கிறது?

காங்கேயம் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் தேங்காய்க் களங்கள். உடைத்துப் போட்ட தேங்காய் வெள்ளை வெளேரென்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு மழை பிடித்தால் போதும், கொப்பரையில் பூஞ்சை ஏறிவிடும். வேகவைத்துக் காயப்போட்ட ஈரோட்டு மஞ்சளுக்கும் அதே கதிதான். நாளைக்கு மழை வருமா என்று கொங்கு நாட்டில் ஒருவர் கேட்டால், அவர் தன் பிழைப்பைப் பற்றித்தான் கேட்கிறார்.

அதற்குப் பதில் சொல்ல, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உழவர்களுக்கான வானிலை அறிவுரை வெளியாகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் கண்ணுகளா, கோவை வானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக் கோவை மழையைச் சொல்லிவிட முடியாது. நம்மிடம் வரும் காற்று எங்கெங்கோ பயணம் செய்து வருவது. அது கிளம்பிய இடத்தில் எப்படி இருந்தது என்று அந்தந்த ஊர்க்காரர்கள் நமக்குச் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சேதியை நாமும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்கிறோம் என்று பார்ப்போம். பீளமேடு விமான நிலையத்தில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. உலக வானிலைப் பட்டியலில் அதன் எண் 43321. காலை 8.30 மணிக்கு அங்கே வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் வேகம், திசை, மழையளவு எல்லாம் குறிக்கப்படுகின்றன. அதே நொடியில் டோக்கியோவில் நண்பகல் 12 மணி, பாங்காக்கில் காலை 10 மணி, மாஸ்கோவில் காலை 6 மணி. கடிகாரங்கள் வேறு வேறு நேரம் காட்டினாலும், எல்லோரும் ஒரே கணத்தில் அளக்கிறார்கள். அப்போதுதான் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்து வானிலைப் படம் கிடைக்கும்.

அளந்ததை ஐந்து ஐந்து இலக்கங்களாக எழுதி அனுப்புவது நெடுநாள் வழக்கம். 10284 என்று வந்தால் என்ன பொருள்? முதல் 1, ‘இது வெப்பநிலை’ என்கிறது. அடுத்த 0, ‘பூச்சியத்துக்கு மேல்’. மீதி 284 என்றால் 28.4 டிகிரி செல்சியஸ். பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் இரண்டாவது இலக்கம் 1 ஆகிவிடும். குளிர் நாடுகளுக்கு அந்த 1 அடிக்கடி தேவைப்படும், கோவைக்குத் தேவைப்பட்டதே இல்லை! இந்தக் குறியீட்டில் மொழியே கிடையாது என்பதால் ஜப்பானியரும் ரஷ்யரும் அரபியரும் ஒரே மாதிரி படித்தார்கள். இப்போது இதன் இடத்தைக் கணினிகள் மட்டுமே படிக்கும் வேறொரு குறியீடு பிடித்து வருகிறது.

நம் எண்கள் டெல்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குப் போய், அங்கிருந்து உலகத்துக்குப் போகின்றன. டெல்லி இந்த வலையில் ஒரு பெரிய சந்திப்பு. 1963-இல் உலக வானிலை அமைப்பு தொடங்கிய திட்டத்தில்தான் இந்த வலை வளர்ந்தது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் இரு நாடுகளும் வானிலை எண்களைப் பகிர்ந்துகொண்டன. எனக்கு இது மிகவும் பிடித்த சேதி.

ஆனால் அன்றைய கம்பிகள் மெதுவானவை. டெலிபிரிண்டர் நொடிக்கு ஆறேழு எழுத்துகள்தான் அனுப்பும். பத்து லட்சம் எழுத்துகள் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு நாள் வரும்! வானிலை முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினிகள் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வந்து சேரும் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் நன்றாக அளக்கும் கருவி எவ்வளவு முக்கியமோ, அளந்ததைச் சீக்கிரம் சேர்க்கும் வழியும் அவ்வளவு முக்கியம்.

கம்பியே போகாத இடங்களுக்கு என்ன செய்வது? மலையிலும் தீவிலும் ஆளில்லாத் தானியங்கி வானிலை நிலையங்கள் நிற்கின்றன. அவற்றின் சேதியை ஏந்திச் செல்பவை இன்சாட் செயற்கைக்கோள்கள். மேகங்களைப் படம் பிடிப்பதோடு, தரையிலிருந்து வரும் எண்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியும் அவற்றில் உண்டு. 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ்ஸிலும் அது இருக்கிறது. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் செல்லும் ரேடியோ அலைக்கு அது கால் நொடிப் பயணம்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. முன்பு பல நிலையங்கள், கொடுத்த சில நிமிடங்களுக்குள் ஏதோ ஒரு நொடியில் சேதியை அனுப்பின. இரண்டு நிலையங்கள் ஒரே நொடியில் பேசினால் இரண்டுமே கலைந்துவிடும். அதனால் ஒரே சேதியை மறுபடி மறுபடி அனுப்பின. வகுப்பில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் ஆசிரியருக்கு யார் பதிலும் கேட்காது அல்லவா? நிலையங்கள் பெருகப் பெருக மோதலும் பெருகியது. பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்கென்று சில நொடிகள் ஒதுக்கினார்கள். ஜி.பி.எஸ். தரும் நேரத்தைப் பார்த்து, தன் முறை வந்ததும் மட்டும் அது பேசும். செயற்கைக்கோளை மாற்றாமலே, பேசும் ஒழுங்கை மாற்றியே இன்னும் பல நிலையங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. வலையமைப்பை மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான்.

பிற நாட்டு எண்கள் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கஜா புயலைச் சொல்வேன். அதன் தொடக்கம் தாய்லாந்து வளைகுடாவில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது மலாய் தீபகற்பத்தைத் தாண்டி வங்கக் கடலுக்கு வந்து, 2018 நவம்பர் 11 அன்று புயலானது. 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போனது. அது பிறந்த இடத்தைச் சுற்றியிருந்தவை வேறு நாட்டு நிலையங்கள். அவை அளந்ததைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால், நாம் அதைப் பார்க்கத் தொடங்குவதே தாமதமாகியிருக்கும்.

இப்போது அந்த உலக வலையே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய முறையில், எந்தச் சேதி எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். புதிதாக ஒரு நாடு ஒரு நிலையத்தின் எண்ணைக் கேட்டால், வழியிலுள்ள சந்திப்புகள் எல்லாம் தங்கள் பட்டியலைத் திருத்த வேண்டும். புதிய ஏற்பாட்டின் பெயர் விஸ் 2.0. இதில் ‘எங்களிடம் புது அளவு வந்திருக்கிறது’ என்ற சின்ன அறிவிப்பு இணையம் வழியே எல்லோருக்கும் போகும். தேவைப்படுபவர்கள் உடனே வந்து எடுத்துக்கொள்ளலாம். 2025-இல் இது நடைமுறைக்கு வந்தது. பழைய வலையை ஒரே நாளில் நிறுத்தாமல், சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல விலக்குவார்கள்.

இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. அனுப்பும் வழி எவ்வளவு வேகமானாலும், அளக்கவே ஆளில்லாத இடத்திலிருந்து என்ன வரும்? ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, ஆனைமலையில் மழையாகக் கொட்டி ஆழியாறு அணையை நிரப்புகிற காற்று, ஆப்பிரிக்காவின் சோமாலியா கரையோரம் வேகம் எடுத்து, அரபிக் கடலைக் கடந்து வருவது. வறுமையும் போரும் வாட்டிய அந்த நாட்டில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவு. இப்படிப்பட்ட நாடுகள் நிலையங்கள் அமைக்கவும், அளந்ததை உலகத்தோடு பகிரவும் உதவ, 2021-இல் உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சி, சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து ஒரு நிதியைத் தொடங்கின. அந்தப் பணத்தில் சோமாலியா கரையில் ஒரு நிலையம் எழுந்தால், அதன் எண்கள் பொள்ளாச்சி உழவருக்கும் உதவும்.