பத்துத் தேர்வு எழுதும் வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தேர்வு எழுதுபவர் மாணவர் மட்டுமே என்று நினைத்திருந்தேன். வீடும் தேர்வு எழுதும் என்பதை, சூரிய மின்சக்தி பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே அறிந்தேன்.

அமெரிக்க எரிசக்தித் துறை 2002ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் 'சோலார் டெகத்லான்' என்னும் போட்டியை முதன்முதலாக நடத்தியது. ஒரே வீரர் பத்து விளையாட்டுகளில் போட்டியிடுவதை டெகத்லான் என்பர். அதுபோல, கல்லூரி மாணவர்கள் வடிவமைத்துக் கட்டிய வீடுகளுக்கும் பத்துத் தேர்வுகள். வீட்டினுள் வெப்பம் அளவோடு இருக்கிறதா, வெந்நீர் கிடைக்கிறதா, குளிர்பதனப் பெட்டி ஒழுங்காக இயங்குகிறதா, வெளிச்சம் போதுமா என்றெல்லாம் சோதித்தனர். இத்தனைக்கும் வெயில் ஒன்றே மூலதனம்!

2014இல் பிரான்சின் வெர்சாய் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மும்பை ஐ.ஐ.டி. மாணவர் அணி கலந்துகொண்டது. 2020-21இல் இந்தியாவுக்கென்றே இப்போட்டி தொடங்கப்பட்டது. இங்கு வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே ஈட்டிக்கொள்ளும் கட்டடத்தை வடிவமைத்தால் போதும். பேரிடர்க்காலப் புகலிடம், கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பு ஆகியவையும் அதன் பிரிவுகளில் இடம்பெற்றன.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் எர்ணாவூர் நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் குடியிருப்பில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, அம்மா குடத்துடன் மூன்று மாடி ஏறி இறங்கினார். எங்கள் வீடு இத்தேர்வை எழுதினால் தேறுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். நாளொன்றுக்கு 15 மணி நேரம். மூன்று எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 9 வாட். 6 மணி நேரம். மொத்தம் ஏறத்தாழ 2.4 யூனிட். சென்னையில் ஒரு நாள் வெயிலை, முழு வலிமையுடைய 5 மணி நேர வெயிலாகக் கொள்ளலாம். இழப்புகள் போக முக்கால் பங்கு கிடைத்தால், ஏறக்குறைய 640 வாட் தகடு தேவை. விசிறிகளை 30 வாட் வகையாக மாற்றினாலோ 280 வாட் போதும்! முதலில் செலவைக் குறை, பின்னர் வரவைத் தேடு என்பதே இப்போட்டிகள் புகட்டும் முதற்பாடம். சம்பள நாளில் என் அம்மா சொல்வதும் இதுதான்.

300 வாட் தகட்டிற்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் இடம் வேண்டும். நான்கு தளத்தார்க்கும் மொட்டை மாடி ஒன்றே. பங்கிட்டாலும் இந்த இடம் கிடைக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழக்கூடாது. தகட்டின் சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் மீது நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் மின்னோட்டம் தடைப்படும். வெப்பமும் பகையே. 25 டிகிரியில் கணிக்கப்பட்ட திறன், தகடு 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. இன்னொன்று: மின்கலம் இன்றி, மின் வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிர்க்காப்புக்காகவே இந்த ஏற்பாடு. புயல் இரவுக்கு மின்கலம் வேண்டும்.

இக்கணக்கை வெல்டிங் வேலை செய்யும் என் தந்தையாரிடம் காட்டினேன். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிப்பா. கம்பி எதுல போடப்போற? கடக்காத்துக்கு வெறும் பெயின்ட் அடிச்ச இரும்பு எத்தினி நாளு தாங்கும்? கால்வனைஸ் பண்ணதாப் போடணும்."

நான் மறந்த வினா அது. உப்புக்காற்று என் கணக்கில் இல்லவே இல்லை!

1970இல் தொடங்கப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் ஈந்த இம்மண்ணின் பிள்ளைகள், தம் வீட்டு மின்சாரத்தைத் தாமே வடிவமைக்கலாகாதா? இத்தகைய போட்டிகள் ஐ.ஐ.டி. மாணவர்க்கே உரியவை என்று நாம் ஒதுங்குகிறோம். கணக்கிட இயற்பியல் மாணவர், உப்பரிப்பை ஆராய வேதியியல் மாணவர், செலவைக் கூட்ட வணிகவியல் மாணவர் நம் கல்லூரியில் உண்டு. ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் ஓர் அணி அமைக்கலாம். கம்பி பற்றிய ஐயங்களுக்கு என் தந்தையார் இருக்கிறார்.