நள்ளிரவில் எண்ணெய் தேடுவோர்

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துத் தோழியரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். பதின்மரிடமும் விளக்கு இருந்தது, பதின்மரும் காத்திருந்தனர், பதின்மரும் உறங்கியும்விட்டனர். வேறுபாடு ஒன்றே. ஐவர் மேலதிக எண்ணெயைக் கொண்டுவந்திருந்தனர். மற்ற ஐவரோ நள்ளிரவில் கடை தேடி ஓடினர். அவர்கள் திரும்புவதற்குள் கதவு அடைபட்டுவிட்டது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் இவ்வுவமை இறுதிநாளைக் குறித்ததே. ஆயினும் அது போற்றும் முன்மதி என்னும் பண்பு, சிறுதொழில் செய்து வாழும் நம் குடும்பங்களுக்கும் இன்றியமையாதது.

சிறு வணிகரிடம் உழைப்புக்குக் குறைவில்லை. விடியலில் கடை திறந்து இரவில் பூட்டும்வரை ஓயாது உழைக்கின்றனர். ஆனால், அந்த நாளை ஆள்பவர் யார்? வாசலில் நிற்பவரின் அவசரமும் இடைவிடாது ஒலிக்கும் கைத்தொலைபேசியும் அல்லவா? அவசரமானவை எல்லாம் முக்கியமானவை அல்ல. முக்கியமான பணிகளோ பெரும்பாலும் ஓசையின்றிக் காத்துக்கிடக்கின்றன.

ஒரு தையற்கடையை எண்ணிப் பாருங்கள். நத்தார் எந்நாளில் வரும் என்பது ஆண்டின் முதல் நாளிலேயே தெரியும். எனினும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இயந்திரம் பழுதாகிறது, நூல் தீர்ந்துவிடுகிறது, குறித்த நாளில் உடையைக் கொடுக்க இயலாமல் சாக்குச் சொல்ல நேர்கிறது. ஒக்டோபரிலேயே இயந்திரத்தைச் சீர்செய்து, நூலும் பொத்தானும் வாங்கிவைத்து, எத்தனை உடைகள் தைக்க இயலும் எனக் கணக்கிட்டு, அதற்கு மேற்பட்டவற்றைப் பணிவோடு மறுத்துவிட்டால், அதுவே கலத்தில் சேர்த்த எண்ணெய். நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடாதிருப்பதும் நேர்மையின் ஒரு கூறுதானே!

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. விற்ற பணத்தைக் கொண்டு அதே பொருளைத் திரும்ப வாங்க இயலாத நிலை. அந்தப் புயலைச் சிறு வணிகர் எவராலும் தடுத்திருக்க முடியாது. ஆகவே, அதில் தொழிலை இழந்தவர்களை முன்மதியற்றவர்கள் என்று தீர்ப்பிடுதல் அநீதியாகும். டொலரின் விலை நம் கையில் இல்லை. ஆனால், கடன் கொப்பியை அன்றாடம் எழுதுவதும், கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வெவ்வேறாக வைப்பதும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை வாங்காதிருக்க முயல்வதும் நம் கையில் உள்ளவை. கருத்து அங்கே ஒருமுகப்படட்டும்.

நாளையைக் குறித்துக் கவலை கொள்ளலாகாது என்று ஆண்டவர் போதித்தாரே எனச் சிலர் வினவலாம். கவலை வேறு, முன்னேற்பாடு வேறு. கவலை உறக்கத்தைக் கெடுக்கும். முன்னேற்பாடு உறக்கத்தைத் தரும்.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரைச் சந்திக்கிறோம். கிளவுதியு பேரரசரின் கட்டளையால் உரோமையை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். இடம்பெயர்வின் துயரை நம் மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கொரிந்தில் அவர்கள் கூடாரம் செய்யும் தொழிலை நடத்தினர். அத்தொழிலை அறிந்த புனித பவுலும் அவர்களோடு தங்கி உழைத்தார். பிற்காலத்தில் அவர்களது இல்லத்திலேயே திருச்சபை கூடியது. ஊர் மாறியும் தொழிலைக் கைவிடாத அவர்கள், தொழிலுக்காக இறைவனையும் அயலாரையும் கைவிடவில்லை.

அன்பர்களே, வாரத்தில் ஒரு மணிநேரம் கணவனும் மனைவியும் கொப்பியோடு அமருங்கள். வரவேண்டியது எவ்வளவு? கொடுக்கவேண்டியது எந்நாளில்? அடுத்த திருவிழாக் காலத்திற்கு இப்போதே செய்யவேண்டியது எது? இம்மூன்றையும் ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள். கடனை ஒருவர் மற்றவருக்கு மறைக்கும் வீட்டில் கடையோடு அமைதியும் அழிகிறது. ஞாயிறன்று கடையைப் பூட்டித் திருப்பலிக்குக் குடும்பமாக வாருங்கள். ஆறு நாள் உழைப்பு யாருக்காக என்பதை அந்த ஒரு நாள் நினைவூட்டும்.

கதவு திறந்திருக்கும்போதே நம் கலங்களை நிரப்பிக்கொள்வோம்.