மட்டையைத் தொடுமுன் முதுகைக் கவனியுங்கள்

பெங்களூரில் இயன்முறை சிகிச்சை செய்து வரும் எனக்கு, நம் சங்க அன்பர்களில் யார் யார் கோல்ஃப் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லாமலேயே தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்தபடி படியேறி வருவார்கள். "நடந்து போய் ஒரு சின்னப் பந்தைத் தட்டுவதில் இவ்வளவு வலியா?" என்று வீட்டில் கேலி செய்வதாகவும் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு விளக்கமாகப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் முதுகும் கோல்ஃப் மட்டையைச் சுழற்றும் முதுகும் ஒன்றுதான்.

நம் ஊரும் கோல்ஃபும்

கோல்ஃப் பெங்களூருக்குப் புதிதன்று. சாங்கி சாலையிலுள்ள பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. பழைய விமான நிலையத்திற்கு அருகில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. 1998-இல் இந்நகரில் பிறந்த அதிதி அசோக், 5 வயதில் மட்டை பிடித்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 18. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கத்திற்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஓர் அடி.

அந்தப் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் அவர் கோவிட் நோயில் படுத்திருந்தார். அதன்பின் பந்து முன்போல் தூரம் போகவில்லை என்று அவரே சொன்னார். தூரம் குறைந்தால் என்ன? மற்றவர்கள் குழிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும்போது நாம் எட்ட நின்று அடிக்க வேண்டும். குறி தவறும் வாய்ப்பு மிகுதி. பதக்கம் அதனால்தான் கைநழுவியது என்று நான் சொல்லமாட்டேன். தூரத்தில் இழந்ததைக் குழியருகே பந்தை உருட்டும் திறமையால் அவர் ஈடுகட்டினார். ஆனால் அத்தகைய கைத்திறன் உள்ளவருக்கே உடல் வலு இவ்வளவு முக்கியமென்றால், ஞாயிறுதோறும் ஆடுகிறவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

முதுகுக்குள் நடப்பது

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. மட்டையை உச்சியிலிருந்து பந்துவரை கொண்டுவர ஆகும் நேரம் சுமார் கால் விநாடி. அந்தக் கால் விநாடியில் இடுப்பு முதுகின்மீது உடல் எடையைப்போல் சுமார் 8 மடங்கு அழுத்தம் விழக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இடுப்பு முதுகில் 5 எலும்புகள் உள்ளன. அவை குனிந்து நிமிர்வதற்கு ஏற்றவை. அதிகம் திரும்புவதற்கு ஏற்றவை அல்ல. ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்திற்குச் சுமார் 10 முதல் 15 பாகைதான் திரும்பும். மீதித் திருப்பம் மேல்முதுகிலிருந்தும் தொடை இடுப்போடு சேரும் மூட்டிலிருந்தும் வரவேண்டும். அவை இறுகிக் கிடந்தால், கடன் வாங்கியவன் ஓடிப்போக ஜாமீன் நின்றவன் கட்டுவதுபோல, பாவம், இடுப்பு முதுகு கட்டுகிறது.

நாள் முழுவதும் கணிப்பொறி முன் அமர்ந்து, சில்க் போர்டு நெரிசலில் காருக்குள் இன்னும் ஒரு மணிநேரம் அமர்ந்தால் இந்த மூட்டுகள் எப்படித் தளரும்? டிசம்பர் மாதக் குளிரில் வண்டியை விட்டு இறங்கியதும் நீண்ட மட்டையை எடுத்து ஓங்குவது, பூட்டிய கதவை உதைப்பது போன்றது.

முதுகுக்கு அடுத்தபடி முழங்கையும் மணிக்கட்டும் அடிபடுகின்றன. மட்டையை இறுகப் பிடிப்பதும் பந்துக்குப் பதிலாகத் தரையை ஓங்கி அடிப்பதும் முக்கியக் காரணங்கள்.

இரு வீரர்கள் தரும் பாடம்

தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் எடை தூக்கிப் பயிற்சி செய்தபோது, தசை பெருத்தால் வீச்சு கெடும் என்று பலர் எச்சரித்தார்கள். அவர் 9 பெரும் பட்டங்களை வென்றார். கடைசியாக மாஸ்டர்ஸ் பட்டத்தை 1978-இல் வென்றபோது அவருக்கு 42 வயது.

டைகர் வுட்ஸின் கதை மறுபக்கம். அவரைப்போல் உடற்பயிற்சி செய்தவர் அரிது. ஆயினும் 2008-இல் இடது முழங்காலிலும், பின்னர் முதுகில் பலமுறையும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 2017-இல் முதுகெலும்புகளை இணைத்துத் தைத்தபின், 2019-இல் மீண்டும் மாஸ்டர்ஸ் வென்றார். வலு வேண்டும், ஆனால் வலு மட்டும் போதாது, ஓய்வும் அளவும் வேண்டும் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டியது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலில் ஒரு சோதனை. நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்புறமாக நகர்த்துங்கள். பிறகு மறு பாதத்தை. ஒரு பக்கம் குறைவாகப் போனால் அந்த இடுப்பு மூட்டு இறுகியிருக்கிறது எனலாம். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் முக்கியம். அடித்து முடிக்கும்போது உடல் அதன்மேல்தான் சுழல்கிறது. அதே அசைவையே தினமும் பத்துமுறை மெதுவாகச் செய்துவாருங்கள்.

அடுத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தி இறக்குங்கள். நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுங்கள். சிறுவயதில் பிள்ளையார் முன் போட்ட தோப்புக்கரணத்தை மறக்க வேண்டாம். தொடைக்கு அது நல்ல பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து, மணிக்கட்டை உயர்த்தி மிக மெதுவாக இறக்கினால் முழங்கைத் தசைநார் வலுப்பெறும். சுவரருகே ஒற்றைக் காலில் நின்று பழகினால் சமநிலை வரும். வயதானவர்கள் விழாமல் இருக்கவும் அது உதவும். வாரம் மூன்று நாள் போதும்.

ஆடும் நாளில் பத்து நிமிடம் வேகமாக நடந்து, சிறிய மட்டையில் அரை வீச்சில் தொடங்கி, பெரிய மட்டைக்குக் கடைசியில் வாருங்கள். குனிந்து பந்தை எடுக்கும்போது இடுப்பை மடக்குங்கள்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இருதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பை தூக்குபவரின் முதுகு

என்னிடம் வரும் ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் நான் கேட்பது, "உங்கள் பையை யார் தூக்குகிறார்?" என்பது. 18 குழிகள் ஆடி முடிப்பதற்குள் 8 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்க வேண்டியிருக்கும். நாம் வாரத்தில் ஒருநாள் நடக்கிறோம். கேடி வேலை செய்பவர் வாரம் முழுவதும், ஒற்றைத் தோளில் பாரத்தோடு நடக்கிறார். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்த ஒரு தமிழ் இளைஞர், வலியைவிட விடுப்புக்குத்தான் அஞ்சினார். ஆட்டக்காரருக்கு முதுகு பிடித்தால் ஒரு ஞாயிறு போகிறது. அவருக்குப் பிடித்தால் அன்றைய கூலி போகிறது.

இரு தோளிலும் மாட்டும் வாருள்ள பையை வாங்குங்கள். தேவையற்ற மட்டைகளை வீட்டில் வையுங்கள். தள்ளுவண்டி இருந்தால் கேளுங்கள். நீங்கள் உடலைத் தளர்த்தும் பத்து நிமிடத்தில் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வெட்கப்படுவார், இரண்டாம் நாள் பழகிவிடும்.